வாட்ச் பின்மூடியைத் திறக்கும் முன்

வீட்டில் திறந்து பார்த்த வாட்ச் என் மேசைக்கு வந்தால், சொல்லாமலேயே தெரிந்துவிடும். பின்மூடி விளிம்பில் கத்தி வழுக்கிய கீறல் இருக்கும், உள்ளே விரல் ரேகை இருக்கும், ரப்பர் வளையம் எங்காவது பிதுங்கிக்கொண்டிருக்கும். திறப்பது எப்படி என்றுதான் எல்லாரும் யோசிக்கிறார்கள். ஆனால் நான் பார்க்கிற சேதங்களில் பாதிக்கு மேல் மூடும்போது நடந்தவை.

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: திறக்கத்தான் வேண்டுமா? செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சில் நொடி முள் நான்கு நொடிக்கு ஒருமுறை தாவுகிறதென்றால், பல மாடல்களில் அது செல் தீரப்போகிறது என்ற அறிவிப்பு. செல் மாற்றத் திறந்துதான் ஆகவேண்டும். சாவி கொடுக்கும் வாட்ச்சோ, கை அசைவில் தானே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்கோ திடீரென வேகமாக ஓடினால் கதை வேறு. ஸ்பீக்கர், பைகளில் உள்ள காந்தப் பூட்டு இவற்றால் வாட்ச்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஹேர்ஸ்பிரிங் என்ற மெல்லிய சுருள்வில் காந்தமேறி, அதன் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கலாம். காந்தம் நீக்கும் கருவியை வெளியிலிருந்தே காட்டினால் சில நொடிகளில் சரியாகிவிடும். வாட்ச்சைத் திறந்து உள்ளே வேகத்தைத் திருத்தும் நெம்புகோலை நகர்த்துவது வீண் வேலை. உண்மையில், இப்படிச் செல் இல்லாமல் ஓடும் மெக்கானிக்கல் வாட்ச்சுக்குள் வீட்டில் செய்யக்கூடிய வேலை எதுவுமே இல்லை.

சரி, செல் மாற்றத்தான் திறக்கிறீர்கள் என்றால் முதலில் மூடியின் வகையைப் பாருங்கள். விளிம்பில் சின்னப் பள்ளமோ நாக்கு போன்ற நீட்டலோ இருந்தால் அது அழுத்தி மூடும் வகை. சுற்றிலும் வெட்டுகள் இருந்தால் திருகி மூடும் வகை. மூலைகளில் நான்கு சிறு திருகாணிகள் இருப்பதும் உண்டு. எதுவுமே தெரியவில்லையா? சில வாட்ச்கள் கண்ணாடிப் பக்கமாகத்தான் திறக்கும். அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். திருகு வகையைக் கத்தரிக்கோல் முனையால் திருப்பப் பார்க்காதீர்கள். வழுக்கினால் மூடியில் கோடு விழும், கையிலும் குத்தும்.

திறந்ததும் கண்ணில் படுவது செல். பல இயந்திரங்களில் அதன் பக்கத்திலேயே செம்புக் கம்பிச் சுருள் இருக்கும். அந்தக் கம்பி தலைமுடியை விட மெல்லியது. செல்லை நெம்பும் முனை அதில் ஒருமுறை உரசினால் போதும், வாட்ச் நின்றுவிடும். அப்புறம் எத்தனை புதுச் செல் போட்டாலும் ஓடாது. பிளாஸ்டிக் இடுக்கியையே பயன்படுத்துங்கள். உலோக இடுக்கியால் செல்லின் இரு பக்கத்தையும் சேர்த்துப் பிடித்தால் ஷார்ட் ஆகும். செல்லின் மேல் இருக்கும் எண்ணையும் பாருங்கள். எஸ்ஆர் என்று தொடங்குவது சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட், கடைசி வரை ஏறக்குறைய அதே மின்னழுத்தம் தரும். அதே அளவில் எல்ஆர் என்று வருவது அல்கலைன். மின்னழுத்தம் படிப்படியாக இறங்கும், கசியும் வாய்ப்பும் அதிகம். சூரிய ஒளியில் ஓடும் வாட்ச்சில் இருப்பது மறுபடி சார்ஜ் ஆகும் செல். அதன் இடத்தில் சாதாரண செல்லைப் போடவே கூடாது.

இனி மூடுவது. அழுத்தும் வகை மூடியின் உள்விளிம்பில், கிரவுன் எனப்படும் நேரம் திருத்தும் குமிழின் தண்டுக்கென்று ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். அது தண்டுக்கு நேராக உட்கார வேண்டும். மாற்றி வைத்து அழுத்தினால் தண்டு வளையும். கட்டைவிரலால் மூடவில்லை என்றதும் குறடையோ பட்டறைப் பிடியையோ எடுக்கிறார்கள். அங்கேதான் முன்பக்கக் கண்ணாடி உடைகிறது. இதற்கென உள்ள பிரஸ்ஸில்கூட அச்சு கண்ணாடியின் மேல் உட்காராமல், அதைச் சுற்றியுள்ள உலோக விளிம்பில் உட்கார வேண்டும். மூடவில்லை என்றால் அப்படியே ஒரு டப்பாவில் தூசி படாமல் வைத்துக் கொண்டுவாருங்கள். அது எங்களுக்குச் சில நிமிட வேலை.

ரப்பர் வளையம் இன்னும் முக்கியம். பழைய வளையம் தட்டையாகிக் கெட்டிப்பட்டிருக்கும். அதையே திரும்ப வைத்து மூடினால் வாட்ச் ஓடும், தண்ணீர் மட்டும் உள்ளே போகும். 30 மீட்டர் என்று பின்னால் எழுதியிருப்பது அசையாத நீரின் அழுத்தத்தைக் குறிப்பது. அத்தனை ஆழம் நீந்தலாம் என்று பொருளல்ல. திறந்து மூடிய பிறகு, புது வளையம் போட்டு அழுத்தச் சோதனை செய்யும் வரை அந்த எண்ணை நம்பாதீர்கள்.

1970களுக்கு முந்தைய, இருட்டில் ஒளிரும் எண்கள் கொண்ட பழைய வாட்ச்சை மட்டும் வீட்டில் திறக்கவே வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அந்த எண்களில் ரேடியம் பூசியிருக்கலாம். இப்போது ஒளிரவில்லை என்பதால் தீங்கில்லை என்று நினைக்கிறார்கள். ஒளி தரும் பூச்சுதான் செத்துப்போயிருக்கும். ரேடியம் பாதியாகக் குறையவே சுமார் 1600 ஆண்டுகள் ஆகும். உதிர்ந்த தூள் மூச்சோடு உள்ளே போவதுதான் ஆபத்து.

கழற்றிய செல்லை மேசையில் விடாதீர்கள். இரு பக்கமும் டேப் ஒட்டி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். டிஜிட்டல் வாட்ச்சில் வரும் 20 மில்லிமீட்டர் லித்தியம் செல் குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கினால், இரண்டே மணி நேரத்தில் கடுமையாக அரித்துவிடும். தீர்ந்த செல்லும் அதைச் செய்யும். மூக்கிலோ காதிலோ மாட்டினாலும் புண்ணாக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல், அறிகுறி வரட்டும் என்று காத்திராமல், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். செல் வந்த அட்டை இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். அதில் உள்ள எண்ணைப் பார்த்தால் செல்லின் வகையும் அளவும் மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.