10 லட்சத்துக்கு பி.எம்.டபிள்யூ.: வாங்கிய பிறகு வரும் பில்கள்

2013, 2014 மாடல் பி.எம்.டபிள்யூ. 320டி, மெர்சிடிஸ் சி கிளாஸ், ஆடி ஏ4 எல்லாம் இன்று ஒரு புது மாருதியின் விலைக்கே கிடைக்கின்றன. புதிதாக 40 லட்சத்தை ஒட்டி விற்ற கார், பத்து வருடத்தில் 10 லட்சத்துக்கு வந்துவிடுகிறது. ஆனால் அதன் ஹெட்லைட்டும் கியர்பாக்ஸும் ஷாக் அப்சார்பரும் இன்னமும் 40 லட்ச ரூபாய் காருக்குரிய விலையில்தான் விற்கின்றன.

"சிங்கிள் ஓனர் சார், 45,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு" என்பதைக் கேட்டதும் பலரும் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். பத்து வயதான ஜெர்மன் காரில் இது நல்ல சேதி என்று சொல்வதற்கில்லை. இந்தக் கார்களில் இரும்பு சீக்கிரம் தேய்வதில்லை. கெட்டுப்போவது ரப்பர், பிளாஸ்டிக், வயரிங், பேட்டரி. இவை ஓட்டத்தால் மட்டும் கெடுவதில்லை, வருடத்தாலும் வெயிலாலும் கெடுகின்றன. ஷெட்டிலேயே நின்ற காரிலும் கேஸ்கெட் (இரண்டு பாகங்களுக்கு இடையில் கசிவை அடைக்கும் ரப்பர்) இறுகும், புஷ் (சஸ்பென்ஷன் மூட்டுகளில் உள்ள ரப்பர்) வெடிக்கும். வருடம் தவறாமல் ஆயில் மாற்றி, 1,10,000 கி.மீ. ஓடி, எல்லா பில்லும் ஃபைலில் இருக்கும் கார், பெரும்பாலும் 45,000 கி.மீ. காரைவிடச் செலவு குறைவாகவே வைக்கும்.

ஆயில் கசிவிலிருந்து தொடங்குவோம். பி.எம்.டபிள்யூ. பெட்ரோல் இன்ஜின்களில் ஆயில் ஃபில்டர் ஹவுசிங்கையும் இன்ஜினையும் சேர்க்கும் இடத்தில் ஒரு ரப்பர் கேஸ்கெட் உண்டு. சில நூறு ரூபாய்ப் பொருள்தான். சூட்டில் வருடக்கணக்கில் வெந்து, பிளாஸ்டிக் மாதிரி இறுகி, கசியத் தொடங்கும். முதலில் கருகிய வாடை, பிறகு தரையில் சொட்டு. "லேசான கசிவுதானே" என்று விட்டால், ஆறு சிலிண்டர் இன்ஜின்களில் அந்த ஆயில் நேராக டிரைவ் பெல்ட் மேல் இறங்குகிறது. ஆயிலில் ஊறிய பெல்ட் வழுக்கிக் கழன்று, கிழிந்து, கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றி ஆயிலை அடைக்கும் வளையம்) வழியாக இன்ஜினுக்குள்ளேயே இழுக்கப்படுவது தெரிந்த நோய். அப்புறம் இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பைக் கழற்றி, ஆயில் பம்ப்பின் வாயில் சிக்கிய பெல்ட் நார்களை ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அரைநாள் கூலியில் முடிந்திருக்க வேண்டிய வேலை இன்ஜின் வேலையாக மாறுவது இப்படித்தான். வால்வ் கவர் கேஸ்கெட்டும் இதே வயதில்தான் போகும். இரண்டையும் ஒரே தடவையில் செய்யச் சொல்லுங்கள், கழற்றும் கூலி ஒருமுறையோடு போகும்.

கூலிங் சிஸ்டமும் இதே கதைதான். எக்ஸ்பான்ஷன் டேங்க், தெர்மோஸ்டாட் ஹவுசிங், ஹோஸ் முனைகள் எல்லாம் பிளாஸ்டிக். பி.எம்.டபிள்யூ.வின் என்20, என்52, என்55 போன்ற பெட்ரோல் இன்ஜின்களில் வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடுவதில்லை, மின்மோட்டாரில் ஓடுகிறது. ஒரு லட்சம் கி.மீ. வாக்கில் முன்னறிவிப்பு அதிகம் இல்லாமலே நின்றுவிடும். அதை மாற்றும்போது தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கூலன்ட்டுக்குக் கம்பெனி சொன்ன வகையும் டிஸ்டில்டு வாட்டரும் பாதிக்குப் பாதி. போர் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டருக்குள் உப்பு படியும். டீசல் காரில் வெளியே கசிவே தெரியாமல் கூலன்ட் மட்டம் இறங்கிக்கொண்டிருந்தால், முதல் சந்தேகம் இ.ஜி.ஆர். கூலர் (இன்ஜினுக்குத் திரும்ப அனுப்பும் புகையைக் குளிர்விக்கும் பாகம்) மேல் விழட்டும். உள்ளே கசிந்த கூலன்ட் கரியோடு சேர்ந்து தீப்பிடித்ததால்தான் 2018-லிருந்து பல நாடுகளில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் திரும்பப் பெறப்பட்டன. சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, நிலுவையில் ரீகால் உண்டா என்று கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். ரீகால் வேலைக்குப் பணம் வாங்க மாட்டார்கள்.

320டி வாங்குபவர் காதால் சோதிக்க வேண்டிய ஒன்று, அதன் என்47 டீசல் இன்ஜினில் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒத்திசைத்து ஓட்டும் டைமிங் செயின். இந்த இன்ஜினில் செயின் முன்பக்கம் இல்லை, கியர்பாக்ஸ் பக்கம் இருக்கிறது. செயினைத் தொட வேண்டுமென்றால் கியர்பாக்ஸையோ இன்ஜினையோ இறக்கியாக வேண்டும். செயின் கைடு தேய்ந்தால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்தவுடன் பின்பக்கத்திலிருந்து கரகரவென்ற சத்தம் வரும். 1,500 முதல் 2,000 ஆர்.பி.எம். வரை நன்றாகக் கேட்கும். செயின் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், பெரும்பாலும் இன்ஜினே போய்விடும். சத்தம் வந்த கட்டத்தில் செயின் கிட் மாற்றினாலும் வெளி ஒர்க்‌ஷாப்பில்கூட லட்சத்தைத் தாண்டும். ஆகவே விற்பவர் வீட்டுக்குப் போகும்போது, "நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வரலாம். மெர்சிடிஸ் சி கிளாஸின் எம்271 பெட்ரோல் இன்ஜினிலும் செயின் நீளும், கேம் அட்ஜஸ்டர் (வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் பாகம்) பல் தேயும். நல்லவேளையாக அது முன்பக்கம்.

இந்தச் செயின்களின் ஆயுள் ஆயிலின் கையில் இருக்கிறது. டேஷ்போர்டு கணினி 25,000 கி.மீ. வரைகூட விடும். அது புதுக் காரை மூன்று வருடத்தில் மாற்றுபவருக்கு ஒத்துவரும் கணக்கு. பழைய காருக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முன்னதோ அது. 320டி-க்கு பி.எம்.டபிள்யூ.வின் எல்.எல்.-04 தரம் கொண்ட ஆயில், ஐந்து லிட்டரும் கொஞ்சமும். டப்பாவில் கிரேடு எண்ணை மட்டும் பார்க்காமல், இந்தத் தரக் குறியீடு அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கியர்பாக்ஸ் ஆயில் "லைஃப்டைம்" என்று கார் கம்பெனி சொல்லும். பி.எம்.டபிள்யூ.வுக்கு எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டியைச் செய்து கொடுக்கும் இசட்.எஃப். நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது எட்டு வருடத்தில் மாற்றச் சொல்கிறது. இதில் ஃபில்டர் தனியாகக் கிடையாது. அடியில் உள்ள பிளாஸ்டிக் ஆயில் தட்டுடன் (பேன்) சேர்ந்தே வரும், அப்படியே மாற்ற வேண்டும். கூடவே மெக்கட்ரானிக் (கியர்பாக்ஸைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பகுதி) கனெக்டரில் உள்ள ஸ்லீவ் சீலையும் பாருங்கள், வழக்கமாகக் கசியும் இடம் அது. லெவல் பார்க்கும் முறையில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். கார் சமமாக நிற்க வேண்டும், இன்ஜின் ஓட வேண்டும், ஆயில் சூடு காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் 30-லிருந்து 50 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது ஃபில்லர் துளையில் லேசாக வழிய வேண்டும். ஸ்கேனர் இல்லாமல் அளவு பார்த்து ஊற்றுகிறோம் என்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள். சரியான ஆயிலும் பேன் கிட்டும் சேர்ந்து 40,000 ரூபாய் வாக்கில் ஆகலாம். வலிக்கும்தான், ஆனால் கியர்பாக்ஸ் ஓவர்ஹால் லட்சங்களில் போகும்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள மெர்சிடிஸ் என்றால் இன்னொரு கணக்கு. ரப்பர் பையில் மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு விழும், காற்று மெல்லக் கசியும். அந்தக் குறையை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடிக் கருகும். கருகிய கம்ப்ரஸரை மட்டும் மாற்றிக் கசிவை விட்டுவிட்டால், புதுக் கம்ப்ரஸரும் அதே வழியில் போகும். சோதிப்பது எளிது. இரவு சமதளத்தில் நிறுத்தி, நான்கு சக்கரங்களின் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் மறுபடி அளந்தால், இறங்கிய மூலை தெரிந்துவிடும். அசல் ஸ்ட்ரட் (காற்றுப் பையோடு சேர்ந்த ஷாக் அப்சார்பர்) ஒன்றே லட்சத்தைத் தொடும். மேடு பள்ளத்தில் ஓட்டுபவர் வாங்கும்போதே சாதாரண ஸ்பிரிங் உள்ள காரைத் தேர்ந்தெடுப்பது மேல்.

பேட்டரி மாற்றுவதிலும் சிக்கல் உண்டு. டிக்கியில் இருப்பது ஏ.ஜி.எம். வகை (அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் ஊறவைத்த பேட்டரி), 20,000 ரூபாய்க்கு மேல். மலிவான சாதாரண பேட்டரியைப் போட்டு, ஸ்கேனரில் பதிவும் செய்யாமல் விட்டால், கார் பழைய பேட்டரி என்றே நினைத்து அதற்கேற்ப அதிகமாகச் சார்ஜ் செய்யும், புதிதும் சீக்கிரம் போகும். பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் விலை அதிகம்தான். சாதாரண டயருக்கு மாறினால் பிரச்சினை இல்லை, ஆனால் ஸ்டெப்னிக்குக் குழியே இல்லாத மாடல்களில் பஞ்சர் கிட்டும் சின்ன கம்ப்ரஸரும் எப்போதும் டிக்கியில் இருக்க வேண்டும்.

உதிரிபாகம் எல்லாவற்றையும் கம்பெனி டப்பாவிலேயே வாங்கத் தேவையில்லை. சஸ்பென்ஷன் ஆர்ம் லெம்ஃபோர்டர், ஷாக் அப்சார்பர் சாக்ஸ், ஃபில்டர் மான் அல்லது மாலே என்று, கார் கம்பெனிக்குச் சப்ளை செய்பவர்களின் பாகம் அவர்கள் பெயரிலேயே குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. போலி அதிகம் புழங்குவது ஆயில் ஃபில்டரிலும் பிரேக் பேடிலும். பார்ட் எண்ணைச் சேஸிஸ் எண்ணோடு பொருத்திப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

வாங்கும் முன் அந்தந்த பிராண்டின் சொந்த மென்பொருளில் ஸ்கேன் எடுக்க வேண்டும்: பி.எம்.டபிள்யூ.வுக்கு இஸ்டா, மெர்சிடிஸுக்கு ஜென்ட்ரி, ஆடிக்கு ஓடிஸ். மீட்டரைக் குறைத்திருந்தாலும் மற்ற மாட்யூல்களில் பழைய கி.மீ. பதிவு தங்கியிருக்கும், அங்கே மாட்டிக்கொள்வார்கள். சென்னைக் கார் என்றால் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களை மறக்காதீர்கள். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துச் சேற்றுக் கறை பாருங்கள், சீட் தண்டவாளத்தில் துரு பாருங்கள், கார்ப்பெட்டுக்கு அடியிலுள்ள ஃபோமை அழுத்திப் பாருங்கள்.

டெல்லிக் கார் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம், 10 வயதைத் தாண்டிய டீசல் கார்களுக்கு அங்கே வந்த தடை. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது, ஆனால் 2025-ல் வயதை மட்டும் காரணமாக்கி நடவடிக்கை எடுப்பதை அதே நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. அங்கிருந்து என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லாச் சான்று) வாங்கி, தமிழ்நாட்டில் மறுபதிவு செய்து, சாலை வரியையும் மறுபடி கட்ட வேண்டும். அந்த வரி காரின் அசல் விலையையும் வயதையும் வைத்துக் கணக்கிடப்படும். நீங்கள் 8 லட்சத்துக்கு வாங்கினீர்கள் என்பது அங்கே எடுபடாது.

இன்ஷூரன்ஸில் பலர் கவனிக்காத இடம் தேய்மானம். இந்த வயதுக் காருக்கு ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் பணம் தரும் சேர்க்கை) கிடைப்பது அரிது. அது இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள், 10 வயதைத் தாண்டினால் உலோகப் பாகத்துக்கும் அதே 50. ஒரு எல்.இ.டி. ஹெட்லைட் உடைந்தாலே பாதிப் பணம் உங்கள் கையிலிருந்துதான். தண்ணீர் புகுந்து இன்ஜின் பூட்டிக்கொண்டால் சாதாரண பாலிசியில் ஒன்றும் வராது, இன்ஜின் புரொடெக்‌ஷன் தனியாகச் சேர்க்க வேண்டும். கையில் 10 லட்சம் இருந்தால் 7 லட்சத்துக்குக் கார் பாருங்கள். மீதி 3 லட்சம் முதல் வருடத்துக்கான ஒர்க்‌ஷாப் பணம்.