சார்ஜ்: ஏறவில்லையா, நிற்கவில்லையா, இறங்குகிறதா?

குன்னூர் பெட்போர்டு பக்கம் ஒரு சின்ன ஒர்க் ஷாப். வண்டியை ஸ்டாண்ட் போட்டுவிட்டு, "அண்ணா, சார்ஜ் இல்லை" என்றேன். அவர் கையிலிருந்த கார்புரேட்டரை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை.

"இல்லைன்னா எப்படி தம்பி? ஏறலையா, நிக்கலையா, இறங்குதா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அப்பா ஓட்டிய 6 வோல்ட் வண்டி அது. மாலையில் கேத்தி பக்கம் பனிமூட்டத்தில் ஹெட்லைட் பீடி முனை மாதிரி எரிய, கீழே ஒரு கடையில் கேட்டேன். பேட்டரியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். பத்து நாள் நன்றாக இருந்தது, அப்புறம் பழைய கதை. பில்லில் பேட்டரி விலைக்குக் கீழே 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒரு வரி வேறு.

அண்ணன் கேட்ட மூன்று வினைச்சொற்களும் மூன்று வேறு நோய்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் இந்தச் 'சார்ஜ்' எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

லத்தீனில் 'கர்ருஸ்' என்றால் வண்டி. அதுவும் லத்தீனின் சொந்தச் சொல் இல்லை. இன்றைய பிரான்சுப் பகுதியில் வாழ்ந்த கெல்ட்டிய மக்களிடம் வாங்கியது. வண்டியில் பாரம் ஏற்றுவது 'கர்ரிகாரே' ஆயிற்று. அது பிரெஞ்சில் தேய்ந்து, ஆங்கிலத்துக்குள் 'சார்ஜ்' என்று நுழைந்தது. கார், கார்கோ, கேரியர் எல்லாம் இதன் பங்காளிகள். ஆக, டிபன் கேரியரும் போன் சார்ஜரும் ஒரே வண்டியில் வந்து இறங்கியவை.

பாரம் ஏற்றுவது என்ற இந்த ஒரே பொருள்தான் பல கிளையாகப் பிரிந்தது. கடமையைத் தலையில் ஏற்றினால் 'சார்ஜ் எடுத்தார்'. குற்றத்தை ஏற்றினால் 'சார்ஜ் ஷீட்'. விலையை ஏற்றினால் 'பஸ் சார்ஜ்'. துப்பாக்கியில் மருந்து கெட்டிப்பதும் சார்ஜ்தான். தமிழில் இவற்றுக்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு: பொறுப்பேற்றல், குற்றப்பத்திரிகை, கட்டணம். லத்தி சார்ஜுக்குத் தடியடி. ஆனால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் நம்மிடமும் சுமை தட்டுப்படுகிறது. பொறுத்தல் என்றால் தாங்குதல், பொறை என்றால் பாரம். பொறுப்பு அங்கிருந்து வந்தது. குற்றத்தை நாமும் 'சுமத்து'கிறோம். யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. பாரம் தூக்கிய மனிதர்கள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி யோசித்திருக்கிறார்கள்.

மின்சாரத்துக்குச் சார்ஜ் வந்தது 18ஆம் நூற்றாண்டில். லெய்டன் ஜாடி என்ற கண்ணாடிக் குடுவையில் மின்னை நிரப்பி வைக்கலாம் என்று 1740களில் கண்டுபிடித்தார்கள். அந்த ஜாடிகளைச் சிலவற்றை வரிசையாக இணைத்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின் அதற்குப் 'பேட்டரி' என்று பெயர் வைத்தார். பேட்டரி என்பது பீரங்கி வரிசை. பீரங்கிப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர்களைக் கேளுங்கள், அவர்களுக்கு இன்றும் பேட்டரி என்றால் அதுதான். நம் வண்டியில் இருக்கும் ஈய-அமில பேட்டரி 1859இல் பிரான்சில் காஸ்டன் பிளாண்டே செய்ததன் வழிவந்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? இரண்டு சொற்கள் போட்டியில் இருக்கின்றன: மின்னூட்டம், மின்னேற்றம். ஊட்டுதல் குழந்தைக்குச் சோறு கொடுப்பது, அழகான சொல். ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூல்களில் மின்னூட்டம் என்றால் ஒரு பொருளில் இருக்கும் மின்னின் அளவு, கூலூமில் அளக்கப்படுவது. இலங்கைப் பாடநூல்களில் அதே அளவுக்கு மின்னேற்றம் என்று பெயர். மின்கலத்தை நிரப்பும் வேலைக்கு என் ஓட்டு மின்னேற்றத்துக்குத்தான். காரணம் அகராதியில் இல்லை, ஒர்க் ஷாப்பில் இருக்கிறது. சார்ஜ் என்ற பெயரைத்தான் கடன் வாங்கினோமே தவிர, அதன் வினையை வாங்கவில்லை. 'சார்ஜ் ஏறுது', 'சார்ஜ் ஏத்து', 'சார்ஜ் இறங்கிடுச்சு' என்று மூன்றாம் வகுப்புப் பையன்கூடச் சொல்கிறான். கண்ணுக்குத் தெரியாத ஒன்று உள்ளே போய்ப் பரவுவதற்கு நம்மிடம் எப்போதுமே 'ஏறு'தான். விஷம் ஏறும், போதை ஏறும், சாமி ஏறும், ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். அந்த வரிசையில் மின்னும் ஏறிக்கொண்டது.

ஒரு திருத்தம் மட்டும். மின்சாரம் பேட்டரிக்குள் போய் உட்கார்ந்துகொள்வதில்லை. சார்ஜ் இறங்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது, அமிலம் நீர்த்துப் போகிறது. ஏற்றும்போது அந்த வேதிமாற்றம் திரும்பி நடக்கிறது. குளிர் இந்த வேலையை மந்தமாக்கும். உறைபனி விழும் மார்கழி காலையில் ஊட்டியில் பழைய வண்டி முரண்டு பிடிப்பது அதனாலும்தான்.

இப்போது அண்ணனின் மூன்று வினைகள்.

ஏறவில்லை என்றால் குற்றம் பேட்டரியில் இல்லை, எஞ்சினோடு சுற்றி அதற்கு மின்சாரம் ஊட்டுகிற டைனமோ பக்கம். இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். 6 வோல்ட் ஈய-அமில பேட்டரியில் மூன்று செல்கள். முழுதாக ஏறி ஓய்வில் இருக்கும்போது 6.3 அல்லது 6.4 வோல்ட் காட்டும். எஞ்சினை முறுக்கினால் அது 7 வோல்ட்டை ஒட்டியோ கொஞ்சம் மேலேயோ போக வேண்டும். 12 வோல்ட் வண்டியில் இந்தக் கணக்கு 12.6, அப்புறம் 14 பக்கம். முறுக்கியும் முள் நகரவில்லை என்றால் ஏறவில்லை.

நிற்கவில்லை என்றால் நோய் பேட்டரியில். முழுக்க ஏற்றி, ஒயரைக் கழற்றி ராத்திரி தனியாக வைத்தாலும் காலையில் விழுந்து கிடக்கும். பேட்டரி மாற்ற வேண்டியது அப்போது மட்டும்தான்.

இறங்குகிறது என்றால், கழற்றி வைத்தால் நிற்கிறது, வண்டியில் மாட்டினால் காலியாகிறது. எங்கோ ஒயர் உரசிக் கசிகிறது, இல்லையென்றால் கட்-அவுட் ஒட்டிக்கொண்டது. டைனமோ மெதுவாகச் சுற்றும்போது பேட்டரியின் மின்சாரம் அதற்குள் திரும்பிப் பாயாமல் தொடர்பை அறுப்பதுதான் கட்-அவுட்டின் வேலை. தொடர்பறுப்பி என்று சொல்லலாம், யாரும் சொல்வதில்லை.

எனக்கு வந்தது முதல் நோய். நான் மருந்து வாங்கியது இரண்டாவதற்கு. புதுப் பேட்டரி கடையிலிருந்து கொண்டுவந்த சார்ஜைப் பத்து நாள் செலவழித்துவிட்டுப் படுத்துவிட்டது.

டைனமோ என்பதற்கு மின்னாக்கி, மின்னியற்றி என்று சொற்கள் உண்டு. கிரேக்கத்தில் 'டைனமிஸ்' என்றால் ஆற்றல். 1867இல் வெர்னர் சீமென்ஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்த 'டைனமோ எலக்ட்ரிக்' என்ற நீளப் பெயரின் வெட்டுத்துண்டு இது. நிரந்தரக் காந்தம் இல்லாமல், இரும்பில் மிச்சமிருக்கும் துளிக் காந்தத்தை வைத்துத் தன்னைத்தானே எழுப்பிக்கொள்வது அதன் சிறப்பு. பல வருஷம் ஷெட்டில் கிடந்த வண்டியில் அந்தத் துளியும் போயிருக்கலாம். பேட்டரியிலிருந்து ஒரு நொடி மின்சாரம் கொடுத்து உசுப்பிவிட வேண்டியிருக்கும். எந்த முனையில் கொடுப்பது என்பது வண்டிக்கு வண்டி மாறும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது வண்டியின் உடம்போடு இணைவது. புத்தகம் பார்க்காமல் கை வைக்க வேண்டாம்.

பணம் இல்லாதவர் போக வேண்டிய வரிசையை அண்ணன் செய்து காட்டினார். முதலில் எர்த் ஒயர் சேசிஸில் தொடும் இடம். மலை ஈரத்தில் துருவேறி இருந்தது, சுரண்டி இறுக்கினார். செலவு இல்லை. அடுத்தது டைனமோ மூடி. சுற்றும் பகுதியிலிருந்து மின்சாரத்தை எடுக்கும் கார்பன் பிரஷ் இரண்டும் தேய்ந்து, ஸ்பிரிங் எட்டாமல் நின்றது. பிரஷ் உரசும் செம்பு உருளையைக் காமுட்டேட்டர் என்கிறோம். பாடநூலில் திசைமாற்றி, கச்சிதமான சொல். அது கரிப்பிடித்திருந்தது. நைஸான மணல் தாளால் தேய்த்தார். எமரி தாள் கூடாது என்றார். அதன் துகள் மின்சாரம் கடத்தும், செம்புப் பட்டைகளுக்கு நடுவில் மாட்டினால் ஷார்ட். மணல் தாள் ஒரு பொட்டலம் ஊட்டி வர்க்கியைவிட மலிவு.

இவ்வளவுக்கும் சரியாகவில்லை என்றால் அடுத்தது வோல்ட்டைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர், அதாவது சீராக்கி. பழைய சுருள் டப்பாவுக்குப் பதிலாக எலக்ட்ரானிக் டப்பா வாங்கலாம். முழு 12 வோல்ட் மாற்றம் கடைசி. அதற்கு முன்னால் பல்ப் கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 வாட் ஹெட்லைட் 6 வோல்ட்டில் கிட்டத்தட்ட 6 ஆம்பியர் இழுக்கும். பின் விளக்கையும் இண்டிகேட்டரையும் எல்.ஈ.டி. ஆக்கினாலே டைனமோவின் முதுகுப் பாரம் கொஞ்சம் குறையும்.

மலை ஓட்டத்துக்கென்று ஒன்று இருக்கிறது. பனிமூட்டத்தில் பஸ்ஸுக்குப் பின்னால் ஊர்ந்தால் எஞ்சின் மெதுவாகச் சுற்றும், லைட் எரிந்துகொண்டே இருக்கும், சார்ஜ் இறங்கும். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாவது கியரில் இறங்கினால், ஆக்சிலேட்டரைத் தொடாமலே எஞ்சின் வேகமாகச் சுற்றும். அந்த இறக்கத்தில் சார்ஜ் ஏறும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்களுக்கு இறக்கத்தில் சார்ஜும் சேர்ந்து இறங்கும், பிரேக்கும் காயும்.

மாலையில் எஞ்சினை முறுக்கிப் பார்த்தோம். மீட்டர் 7.1 காட்டியது. "எவ்வளவு சார்ஜ் அண்ணா?" என்றேன். சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் அவர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார்: பிரஷ் 2, கூலி.