வரி: சொல் விளக்கம்

செட்டிநாட்டுப் பிள்ளைகள் பலருக்கு இந்தச் சொல் பாடப்புத்தகத்துக்கு முன்பே காதில் விழுந்திருக்கும். நகரத்தார் வீடுகளில் ‘புள்ளி வரி’ என்பது அன்றாடப் பேச்சு. மணமானவரை ஒரு புள்ளியாகக் கணக்கிட்டு, புள்ளிக்கு இவ்வளவு என்று கோயிலுக்குத் தண்டுவார்கள். வணிகத்தில் அறத்துக்கென்று ஒதுக்கும் பங்குக்கு ‘மகமை’ என்று பெயர். இரண்டுமே ஒரு சமூகம் தனக்குத் தானே விதித்துக்கொண்டவை. அரசு வரி அப்படியல்ல. சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 265ஆம் பிரிவு.

பொருள் இதுதான்: சட்டப்படி அரசுக்குக் கட்டாயமாகச் செலுத்த வேண்டிய, நேரடிக் கைம்மாறு கேட்க முடியாத பணம். இளையவர்களுக்குச் சொல்லும்போது பின்பாதியில்தான் அதிக நேரம் நிற்க வேண்டும். “நான் கட்டினேன், எனக்கு என்ன தந்தார்கள்?” என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அது கட்டணத்துக்குரிய கேள்வி. பேருந்துச் சீட்டுக்குப் பணம் கொடுத்தவருக்குப் பயணம் கிடைக்கும். வரி கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் தெருவிளக்கு ஒன்றுபோலத்தான் எரியும். விளக்கு, சாலை, நீதிமன்றம், தொற்றுநோய்த் தடுப்பு இவற்றை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து விற்க முடியாது. விற்க முடியாததற்கு எல்லாருமாகச் சேர்ந்து கொடுப்பதே வரி.

திருச்சி–காரைக்குடி சாலையில் லெம்பலக்குடியில் கட்டுவது இந்தக் கணக்கில் வராது. பெயர்ப்பலகையில் ‘சுங்கச்சாவடி’ என்று இருந்தாலும், அங்கே வாங்குவது சாலையைப் பயன்படுத்துவதற்கான கட்டணம். சுங்கம் என்பது எல்லை கடக்கும் சரக்கின் மீதான வரி. பழந்தமிழில் அதற்கு ‘உல்கு’ என்று பெயர், திருக்குறளிலும் வருகிறது.

தமிழில் ‘வரி’க்குக் கோடு, எழுத்து என்ற பொருள்களும் உண்டு. வரிப்புலி என்கிறோம் அல்லவா? சோழர் கல்வெட்டுகளில் வரிப்பதிவேட்டுக்கு ‘வரிப்பொத்தகம்’ என்று பெயர். வரிக்கு ‘இறை’ என்ற சொல்லும் பரவலாக வழங்கியது. வரி நீக்கிய நிலம் ‘இறையிலி’. நெசவுத்தறிக்குத் தறியிறை, எண்ணெய்ச் செக்குக்குச் செக்கிறை, உப்புக்கு உப்பாயம் என்று எதன்மேல் விழுந்ததோ அதன் பெயரையே வரியும் தாங்கியது. ‘டாக்ஸ்’ லத்தீன் வழி வந்த சொல், மூலப்பொருள் மதிப்பிடுதல். இதற்கு ‘வரி’ என்ற நம் சொல்லே போதும். ‘டியூட்டி’க்குத் தீர்வை. ‘செஸ்’ஸுக்கு மேல்வரி: குறித்த ஒரு நோக்கத்துக்காகத் தனியே பிடிப்பது.

மேல்வரியைக் காட்ட வீட்டு வரி ரசீது ஒன்றே போதும். தமிழ்நாட்டில் சொத்து வரியில் 10 விழுக்காடு நூலகத்துக்கென்று சேர்கிறது. 1,000 ரூபாய் வரி கட்டும் வீடு நூலகங்களுக்கு 100 ரூபாய் தருகிறது. இதைக் கேட்ட பிள்ளை நூலகத்தைப் பார்க்கும் பார்வையே வேறாகிவிடும்.

காரைக்குடி போன்ற நகர்ப்புறங்களில் சொத்து வரி ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என அரையாண்டுக் கணக்கு. அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, 5,000 ரூபாய் வரை. கிராமத்தில் ஊராட்சியில் கட்ட வேண்டும். பங்காளிகள் வெளியூரில் இருக்க, பெரிய வீடு பூட்டிக் கிடக்கிறது என்பதால் வரி தானாக நின்றுவிடாது. ஒவ்வொருவரும் இன்னொருவர் கட்டியிருப்பார் என்று இருந்துவிடுவதால்தான் நிலுவை ஏறுகிறது. இன்னொன்று: வரி ரசீதில் பெயர் இருப்பது வீட்டின் உரிமைக்கு ஆதாரமாகாது. அதற்குப் பத்திரம் போன்ற உரிமை ஆவணம் வேண்டும்.

வீட்டு வரியும் வருமான வரியும் நேர்முக வரிகள், விதிக்கப்பட்டவரே சுமக்கிறார். கடைக்காரர் கட்டினாலும் வாங்குபவர் தலையில் விழுவது மறைமுக வரி. 1–7–2017 முதல் நடப்பில் உள்ள ஜிஎஸ்டி, அதாவது சரக்கு மற்றும் சேவை வரி, இந்த வகை. காரைக்குடியில் 2,000 ரூபாய்க்குக் கண்டாங்கிச் சேலை வாங்கினால் 5 விழுக்காட்டில் 100 ரூபாய் வரி: 50 மத்திய அரசுக்கு, 50 மாநில அரசுக்கு. அதே சேலையைப் பெங்களூருக்கு விற்றால் முழு 100 ரூபாயும் ‘ஐஜிஎஸ்டி’ என்று ஒரே வரியாக வரும். ஆகவே, சொந்தமாக ஒரு ரூபாய்கூடச் சம்பாதிக்காத மாணவரும் வரி செலுத்துபவர்தான். பில்லில் 15 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்று பார்க்கப் பழக்குங்கள். தமிழ்நாட்டு எண் 33 என்று தொடங்கும். எண் இல்லாத பில்லில் ஜிஎஸ்டி சேர்த்திருந்தால் கொடுக்க வேண்டியதில்லை. பொட்டலத்தில் அச்சிட்ட எம்ஆர்பி விலைக்குள் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் வரி கேட்பது தவறு.

‘ரிட்டர்ன்’ என்ற சொல்தான் இளையவர்களை அதிகம் குழப்புகிறது. பணம் திரும்ப வருவது என்று எண்ணிக்கொள்கிறார்கள். அது வருமான வரிக் கணக்குத் தாக்கல். பணம் திரும்புவது ‘ரீஃபண்டு’, திருப்புத்தொகை. 18 வயது நிரம்பிய பேரன் பெயரில் ஐயாவும் ஆயாவும் (தாத்தாவும் பாட்டியும்) போட்டுத் தந்த வைப்புத்தொகைக்கு ஆண்டு வட்டி 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வட்டி 50,000-ஐத் தாண்டியதால் வங்கி 10 விழுக்காடு, 6,000 ரூபாய் பிடிக்கும். இதுவே ‘டிடிஎஸ்’, வருமானம் கைக்கு வருமுன் மூலத்திலேயே பிடிக்கும் வரி. பான் எண் தரவில்லையென்றால் 20 விழுக்காடு, 12,000 ரூபாய் போய்விடும். வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருக்கும் என்ற உறுதிமொழிப் படிவத்தைப் பான் எண்ணுடன் ஆண்டுத் தொடக்கத்திலேயே கொடுத்திருந்தால் பிடித்திருக்கமாட்டார்கள். பிடித்த பிறகு அந்தப் பணம் தானாக வராது. வரி கட்ட வேண்டாதவரும் கணக்குத் தாக்கல் செய்துதான் திருப்புத்தொகை கேட்க வேண்டும். தாக்கல் செய்த 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி போன்ற ஒரு வழியில் சரிபார்க்க வேண்டும், தளத்தில் வங்கிக் கணக்கையும் முன்பே உறுதிசெய்திருக்க வேண்டும். முதலாவதை விட்டால் தாக்கலே செல்லாது. இரண்டாவதை விட்டால் பணம் கணக்கில் ஏறாது.