மீன் பிடிக்கப் போகும்போது மீனைக் கொண்டு போகாதீர்கள்

கனடாவின் வட ஒன்டாரியோ ஏரிகளுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "புரூக் டிரவுட்டுக்கு என்ன இரை போடலாம்?" குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீன் இது. மீன்வள உயிரியலாளருக்கு இதற்கான பதில் மீனின் வயிற்றிலேயே கிடைத்துவிடும். மெல்லிய குழாயை வாய்வழியே விட்டுத் தண்ணீரைப் பாய்ச்சினால் தின்றதெல்லாம் தட்டில் வந்து விழும். மீனை உயிரோடு திரும்ப விட்டுவிடலாம்.

தட்டில் அதிகம் கிடப்பவை ஏரியடிச் சிற்றுயிர்கள்தான். தட்டான், மேஃபிளை என்ற பூச்சிகளின் இளம்புழு, அட்டை, அப்புறம் கேடிஸ் என்ற பூச்சியின் புழு. இந்தக் கேடிஸ், மணலையும் குச்சித் துணுக்குகளையும் ஒட்டித் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளும். டிரவுட் அதைக் கூட்டோடு விழுங்கிவிடும். தட்டில் மணலும் குச்சியுமாகக் கிடப்பதைப் பார்க்கும் புதியவர்கள், மீன் சேற்றைத் தின்றிருக்கிறது என்றே நினைப்பார்கள். கோடையில் காற்று தள்ளிவிடும் எறும்பும் வண்டும் சேரும். கிழக்குக் கனடாவின் லாப்ரடார் பக்கம் பெரிய மீன்கள் நீந்திப் போகும் எலியைக்கூட விடுவதில்லை.

சின்ன மீன் கிடைத்தால் அதையும் தின்னும்தான். அதற்காக இரைக்கென்று வாளியில் உயிர்மீன் சுமந்து போவதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். ஒதுக்கமான பல ஏரிகளில் மீனினங்களே மிகக் குறைவு. வேறு மீன் ஏறி வராமல் அருவிகள் தடுத்து வைத்திருக்கின்றன. மாலையில் மிஞ்சிய மீன்களை, "பாவம், பிழைத்துப் போகட்டும்" என்று ஏரியில் கொட்டிவிடுகிறார்கள். அதில் மஞ்சள் பெர்ச் குஞ்சோ வெள்ளை சக்கர் குஞ்சோ கலந்திருந்தால் யார் கவனிக்கிறார்கள்? சக்கருக்கு வாய் கீழ்ப்பக்கம். டிரவுட் தின்னும் அதே பூச்சிகளைத் தரையிலிருந்து உறிஞ்சித் தின்னும். பக்கத்து மாகாணமான கியூபெக்கின் லாரன்ஷியன் பகுதி ஏரிகளில் ஆய்வாளர்கள் பார்த்தது இதுதான்: சக்கர் நுழைந்த இடத்தில் டிரவுட் தரையை விட்டு நடு ஏரிக்குப் போய், மிதக்கும் நுண்ணிய விலங்குகளைத் தின்று காலம் தள்ளுகிறது, பிடிபடும் அளவும் குறைகிறது. பெரிய ஏரியில் நுழைந்துவிட்ட மீனை வெளியேற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஒன்டாரியோவின் அல்கோன்குவின் பூங்காவில் உயிருள்ள இரைமீனை வைத்திருக்கவே தடை இருப்பது சும்மா இல்லை.

சரி, வேறு என்ன போடுவது? பனி உருகியதும் மீன்கள் கரையோரம் வரும். பூச்சி வடிவச் செயற்கை இரையோ தண்ணீரில் இழுத்தால் சுழலும் தகடு வைத்த சின்ன ஸ்பின்னரோ போதும். உயிர் இரையை மீன் தொண்டைவரை விழுங்கிவிடுவதால், திரும்ப விட்டாலும் பிழைப்பது கடினம். கொக்கி நுனியில் எதிர்முள் இல்லாத தூண்டில் முள்ளாகப் பாருங்கள். மேல்தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டும் கோடையில் குளிர் ஊற்றருகே மீன்கள் மொத்தமாக ஒதுங்கியிருக்கும். அள்ளுவது சுலபம், அதனாலேயே அங்கே தூண்டில் போடாதீர்கள்.

உயிர்மீன் அனுமதிக்கப்பட்ட ஏரியில் வாளியில் மிஞ்சிவிட்டால், கரையிலிருந்து 30 மீட்டராவது தள்ளிப் போய்த் தரையில் கொட்டுங்கள், தண்ணீரையும் சேர்த்து. ஒன்டாரியோவில் இது சட்டமும்கூட.