"ஓடிபி சொன்னீங்களா?" என்று கேட்டால் தலையாட்டாதீர்கள்

நீடாமங்கலம் பக்கத்துப் பெரியவர் ஒருவர். சம்பா அறுவடை முடிந்து, டிபிசியில் (அரசு நெல் கொள்முதல் நிலையத்தில்) 60 மூட்டை போட்டு, பணம் கணக்கில் ஏறிய மூன்றாம் நாள் போனில் ஒரு செய்தி: 'பிஎம் கிசான் தவணை நிறுத்தம். உடனே கேஒய்சி செய்யவும்.' கேஒய்சி என்றால் அடையாள விவரம் சரிபார்ப்பது. கீழே லிங்க். பேரன் தொட்டான், ஏதோ ஆப் இறங்கியது. விடிவதற்குள் 47,000 ரூபாய் காலி.

காலையில் முதல் பஸ்ஸிலேயே வங்கிக்குப் போய்விட்டார். "ஓடிபி சொன்னீங்களா பெரியவரே?" என்று கேட்டிருக்கிறார்கள். ஓடிபி, அதாவது பணம் எடுக்கும்போது போனுக்கு வரும் ஒருமுறை ரகசிய எண், என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. கூட்டத்துக்கு நடுவே நின்றவர் தலையாட்டிவிட்டார். ஊழியரே ஒரு வெள்ளைத்தாளில் 'எனது கவனக்குறைவால்' என்று ஆரம்பித்து எழுதிக் கொடுக்க, கையெழுத்தும் போட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக எட்டு மாதம் அலைந்தோம்.

இத்தனைக்கும் விதி இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று போட்ட சுற்றறிக்கை. கூட்டுறவு வங்கிகளுக்கும் அதே ஆண்டு டிசம்பரில் வந்துவிட்டது. வங்கி மேலும் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை, வெளியாள் புகுந்து எடுத்தான் என்றால், 3 வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் முழுப் பணமும் வங்கி பொறுப்பு. 4 முதல் 7 வேலை நாள் ஆகிவிட்டால் உங்கள் தலையில் விழுவதற்கு ஒரு வரம்பு உண்டு: ஜீரோ பேலன்ஸ் கணக்குக்கு அதிகபட்சம் 5,000, சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000. 7 நாளையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான்.

பணம் போனதாக வங்கியிலிருந்து செய்தி வந்த நாளை விட்டுவிட்டு, மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். லீவு நாள் கணக்கில் வராது. அதற்காக வெள்ளி இரவு போனதைத் திங்கள் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். திருடனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கும் கிடையாது.

மக்கள் மாட்டிக்கொள்வது 'கவனக்குறைவு' என்ற சொல்லில்தான். நீங்களே பின் நம்பரையோ ஓடிபியையோ வாய்விட்டுச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தகவல் கொடுக்கும் வரை போனது உங்கள் நஷ்டம். ஆனால் தகவல் கொடுத்த பிறகு போகும் ஒவ்வொரு ரூபாயும் வங்கி நஷ்டம். இந்தப் பாதியை எந்த கவுண்டரிலும் சொல்ல மாட்டார்கள். இன்னொன்று: தப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியது வங்கியின் வேலை. நம் ஊரில் அது தலைகீழாக நடக்கிறது.

பெரியவர் விஷயத்தில் யாரும் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை. இறங்கிய ஆப் போனுக்கு வந்த செய்திகளைத் தானே படித்து அனுப்பிவிட்டது. அதனால் கடிதத்தை நீங்களே எழுதுங்கள், நடந்ததை நடந்தபடி: இந்தத் தேதி, இந்த நேரம், இந்தச் செய்தி வந்தது, லிங்க்கைத் தொட்டோம், ஆப் இறங்கியது, ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சொன்னதாகவே எழுதுங்கள், பொய் பின்னால் காலை வாரும். அவர்கள் எழுதிய தாளில் மட்டும் கையெழுத்து வேண்டாம்.

பணம் போனது தெரிந்ததும் வேறு போனிலிருந்து 1930. போன பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் பிடித்து நிறுத்தப் பார்ப்பார்கள், இதில் நிமிடங்கள்தான் கணக்கு. லைன் கிடைக்காவிட்டால் சைபர்கிரைம் அரசு இணையதளத்தில் பதிவு செய்யுங்கள். மாட்டிய போனில் நெட்டை அணையுங்கள். பதற்றத்தில் அந்தச் செய்தியை அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. அடுத்து வங்கியின் வாடிக்கையாளர் எண். அதை ஏடிஎம் கார்டின் பின்பக்கம் பார்த்து அடியுங்கள். கூகுளில் தேடி எடுத்த நம்பருக்குப் பேசி இரண்டாம் முறை பணத்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். புகார் எண் கொடுக்காமல் போனை வைக்க விடாதீர்கள்.

பிறகு கிளைக்குப் போங்கள். "மேனேஜர்கிட்ட வாயால சொல்லிட்டேன் சார்" என்பது தகவல் கொடுத்ததாக ஆகாது, மூன்று நாள் கழித்து அந்த மேனேஜருக்கே ஞாபகம் இருக்காது. கடிதம் இரண்டு பிரதி. ஒன்றில் சீலும் தேதியும் வாங்க வேண்டும். போட மறுத்தால் வாசலிலேயே வாதாடாமல் அன்றே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தகவல் கொடுத்த 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையைக் கணக்கில் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். இதைக் கடிதத்திலேயே சுற்றறிக்கைத் தேதியோடு எழுதிவிடுங்கள், தொனி மாறும்.

"போலீஸ்ல எஃப்ஐஆர் வாங்கிட்டு வாங்க, அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். வங்கிப் புகாரை எடுத்துக்கொள்ள எஃப்ஐஆர் வரட்டும் என்று காத்திருக்கச் சொல்வது நாள் கடத்தும் வேலை. ஸ்டேஷனிலோ "இது எங்க எல்லை இல்லை, மாவட்ட சைபர் கிரைமுக்குப் போங்க" என்பார்கள். முத்துப்பேட்டையில் இருப்பவருக்குத் திருவாரூர் போய்வர ஒரு நாள் கூலி போய்விடும். எல்லையைக் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவே சொல்கிறது. குறைந்தது சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான போலீஸ் ரசீது) இல்லாமல் வெளியே வராதீர்கள்.

இன்னொரு குழப்பம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தில் 'சக்ஷு' என்று ஒரு வசதி இருக்கிறது. சந்தேகமான செய்தி வந்தால் அங்கே புகார் செய்யலாம், நல்லதுதான். ஆனால் அது பணம் போகாதவர்களுக்கு. பணம் போனவர் அங்கே பதிந்துவிட்டுக் காத்திருந்தால் மூன்று நாளும் போய்விடும்.

செய்தியை அடையாளம் காண்பதற்கு நீட்டி எழுத ஒன்றுமில்லை. 'இன்றிரவு 9.30-க்குக் கரண்ட் கட்' என்று பத்து இலக்க செல் நம்பரிலிருந்து மின்வாரியம் எழுதாது. அரசு அனுப்பும் செய்தியில் அனுப்புநர் பெயரின் கடைசியில் 'ஜி' என்ற ஆங்கில எழுத்து இருக்கும், 2025 மே முதல் அப்படித்தான். அதையும் முழுசாக நம்ப வேண்டாம். லிங்க் வழியாக ஆப் இறக்கச் சொன்னால் அது மோசடிதான், யார் பெயரில் வந்தாலும். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. உரிமைத்தொகை, பயிர் நிவாரணம், கிசான் தவணை எதுவாக இருந்தாலும் சந்தேகம் வந்தால் இ-சேவை மையத்திலோ விஏஓவிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அரை நாள் வீணாகும், அவ்வளவுதான்.

30 நாளில் வங்கி பதில் தராவிட்டாலோ, மறுத்து எழுதினாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், சந்தேகத்துக்கு 14448. சீல் வைத்த அந்தப் பிரதியைத்தான் முதலில் கேட்பார்கள்.