'திறந்த சக்கரம்' எதைத் திறந்தது?

போர்முலா வன், இண்டிகார் போன்ற கார்ப் பந்தயங்களைப் பற்றித் தமிழில் ஒரு செய்தி வந்தால் 'திறந்த சக்கரப் பந்தயம்' என்ற தொடர் எப்படியும் தலைகாட்டிவிடும். ஓட்டியவரைப் பற்றி எழுதினால் 'தொழில்முறை திறந்த சக்கர பந்தய ஓட்டுநர்' என்று நீளும். மட்டக்களப்பில் ஏதாவது ஒரு கராஜில் போய் 'திறந்த சக்கரம்' என்று சொல்லிப் பாருங்கள். சில்லைக் (எங்கள் ஊரில் சக்கரத்துக்கு அதுதான் பெயர்) கழற்றி பெயரிங் பார்க்கவா என்றுதான் கேட்பார்கள். அவர்கள் கேட்பதில் பிழையில்லை.

அந்தத் தொடருக்கு மூலம் ஆங்கிலத்தின் ஓப்பன் வீல் கார். அதன் பொருள் எளிது. உடல் ஒடுக்கம், சாரதிக்கு ஓர் இருக்கை, நான்கு சில்லுகளும் உடலுக்கு வெளியே. சில்லுக்கு மேலே மட்காட் கிடையாது. போர்முலா வன், அதற்குக் கீழே டூ, த்ரீ, ஃபோர், அமெரிக்காவின் இண்டிகார், ஜப்பானின் சூப்பர் போர்முலா எல்லாம் இந்த வகை. மாரி காலத்தில் மட்காட் கழற்றிய சைக்கிளில் கல்லடிப் பாலத்தைக் கடந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை, முதுகுச் சட்டையே சொல்லும். பந்தயத்திலும் அதே தொல்லைதான், சில்லு வாரி இறைக்கும் தண்ணீரில் பின்னால் வருகிறவருக்கு வழி தெரியாது. 2021 பெல்ஜிய போர்முலா வன் போட்டி மழையில், வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் விடும் பாதுகாப்புக் காருக்குப் பின்னால் ஊர்ந்தே முடிந்தது. பாதிப் புள்ளிகள்தான் கொடுத்தார்கள். பிறகு 2023-இல் சில்லுகளுக்கு மேல் மூடி மாட்டிப் பரிசோதித்தும் பார்த்தார்கள்.

சொல்லின் வரலாறும் சுருக்கமானதே. 'சக்கரம்' வடமொழி வழி வந்தது. நம் பழைய சொற்கள் கால், உருள், திகிரி, ஆழி. 'கடலோடா கால்வல் நெடுந்தேர்' என்கிறது குறள். அங்கே கால் என்பது தேரின் சில்லு. 'உருள்பெருந் தேர்க்கு அச்சாணி' என்ற இடத்தில் உருள். சில்லு என்றால் வட்டமான சிறு துண்டு. முழங்கால் சில்லு, சில்லுக்கோடு விளையாட்டு எல்லாம் அந்த வழிதான். இலங்கைத் தமிழர் வாயில் அது வண்டிக்கும் ஏறியது. கந்தோர்க் கடிதத்தில் முச்சக்கர வண்டி என்று எழுதுகிறவரும் காற்றுப் போனால் 'சில்லுக்குக் காத்தடிக்கணும்' என்றுதான் சொல்கிறார்.

சரி, 'திறந்த' என்பதில் என்ன குற்றம்? திறத்தல் என்றால் அடைத்திருந்த ஒன்று விலக வேண்டும். கதவு, பெட்டி, வாய், கண். திறந்த பல்கலைக்கழகம் என்றால் ஒரு வாசல் தெரிகிறது, யாரும் உள்ளே போகலாம். திறந்த போட்டிப் பரீட்சையும் அப்படித்தான். 1977-க்குப் பிறகு வந்த திறந்த பொருளாதாரத்துக்கும் வாசல் உண்டு, அதன் வழியாக என்னென்ன வந்தன என்பது வேறு கதை. சில்லுக்கு எந்த வாசல்? அதைத் திறந்தால் காற்றுத்தான் போகும். ஆங்கில ஓப்பன் ஒரே சொல்லாக இருந்துகொண்டு நூறு வேலை பார்க்கிறது. அந்த நூறுக்கும் 'திறந்த' என்ற ஒரே முத்திரையைக் குத்துவது மொழிபெயர்ப்பு அல்ல, தபால் வேலை. இந்த இடத்தில் ஓப்பன் குறிப்பது மறைப்பு இல்லாமையை மட்டும்தான்.

இதைச் சொன்னால் சிலர் 'வெளிச்சக்கரம்' என்று போடலாமே என்கிறார்கள். இது இன்னும் மோசம். பந்தயத்தில் வெளிச்சில்லு என்ற ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. வளைவில் கார் திரும்பும்போது எடை வெளிப்பக்கச் சில்லுகளுக்குப் போகிறது. இடது வளைவில் வலதுபக்க டயர்தான் அதிகம் உழைக்கும், அதிகம் தேயும். அதைப் பற்றி ஒரு வரி எழுதும்போது இரண்டு சொல்லும் மோதிக்கொள்ளும். 'ஓரிருக்கைக் கார்' என்பது நல்ல தமிழ்தான், ஆனால் வேறு பொருள். மூடிய உடல்கொண்ட எத்தனையோ பந்தயக் கார்களிலும் ஓர் இருக்கைதான் இருக்கிறது.

என் சொல் மூடாச்சில்லு. செல்லாக்காசு எப்படியோ அப்படி. 'மூடாத' என்பதில் ஈறு கெட்டு 'மூடா', அப்புறம் வல்லினம் மிகும். மூடாச்சில்லுக் கார், மூடாச்சில்லுப் பந்தயம். கேட்டவுடன் படம் வருகிறது, இலக்கணமும் இடிக்கவில்லை. நான் தனித்தமிழுக்காகச் சண்டை பிடிக்கிறவன் அல்ல. டயர், பிரேக், கியர் என்றே எழுதுவேன். தமிழ்போலத் தெரிந்துகொண்டு ஒன்றும் விளங்காத தொடர்தான் எனக்கு ஆகாது. தமிழ்நாட்டு வாசகருக்குச் சில்லு என்றால் கணினிச் சில்லு நினைவுக்கு வரும் என்பார்கள். அவர்கள் மூடாச்சக்கரம் என்று எழுதட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. உயிர் 'மூடா'வில் இருக்கிறது.

மூடுவதா விடுவதா என்பது ஓட்டுகிறவனுக்குப் பெரிய காரியம். 1954-இல் மெர்சிடிஸ் சில்லுகளையும் சேர்த்து மூடிய உடலோடு போர்முலா வன்னுக்கு வந்தது. நேர்ச்சாலை நிறைந்த ரீம்ஸ் களத்தில் அதன் சாரதி ஃபாஞ்சியோ வென்றார். அடுத்து வளைவு கூடிய சில்வர்ஸ்டனில் முன்சில்லு கண்ணுக்குத் தெரியாமல் ஓரத்து எண்ணெய்ப் பீப்பாக்களில் இடித்து நாலாவதாக வந்தார். நூர்பர்க்ரிங்கில் மூடியை எடுத்துவிட்டு ஓட்டினார்கள், வென்றார்கள். மூடாத சில்லுக்கு ஆபத்தும் உண்டு. இரண்டு காரின் சில்லுகள் ஒன்றோடொன்று உரசினால் பின்னால் வருகிற கார் மேலே தூக்கி எறியப்படும்.

ஒரு சாரதியின் வாழ்க்கையை எழுதும்போது இந்தச் சொல் சரியாக இல்லாவிட்டால் கதையே குழம்பும். நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஜோர்டான் அணியில் போர்முலா வன்னுக்குப் போன முதல் இந்தியர். 2011, 2012-இல் எச்ஆர்டி அணி, பிறகு ஜப்பானில் சூப்பர் போர்முலா. 2019-இல் ஹொண்டா என்எஸ்எக்ஸ் காரில், மூடிய கார்கள் ஓடும் சூப்பர் ஜிடி பந்தயத்துக்கு மாறினார். மூடாச்சில்லிலிருந்து மூடிய காருக்கு மாறினார் என்று எழுதினால் விளங்கும். 'திறந்த சக்கரத்தை விட்டார்' என்றால் ஏதோ ஆசிரமத்தை விட்டு வந்தவர் மாதிரி இருக்கிறது.

'தொழில்முறை' பற்றியும் ஒரு முணுமுணுப்பு. கீழ்ப்படிப் போட்டிகளில் பெரும்பாலும் சாரதிதான் அணிக்குக் காசு கட்டுகிறான், அப்பன் காசோ விளம்பரக் காசோ. சம்பளம் வருவது மேலே போனவர்களுக்கே. ஆகவே கார்ட்டிங் என்ற சிறு வண்டிப் பந்தயம் ஓடுகிற பதினைந்து வயதுப் பிள்ளையைத் தொழில்முறை என்று எழுதுவதற்கு முன் யார் யாருக்குக் காசு கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டும். 'ஓட்டுநர்' எதற்கு என்றும் எனக்கு விளங்கவில்லை. பஸ் ஓட்டுகிறவரையே சாரதி என்கிற நாட்டில் இருந்துகொண்டு, தேரோட்டியின் பெயர் கையில் இருக்க, தமிழ்நாட்டிலிருந்து வேறொரு சொல்லை ஏன் இறக்க வேண்டும்?

பந்தயம் தொடங்கும்போது எல்லோருக்கும் முன்னால் நிற்கும் இடமான போல் பொசிஷனைத் 'துருவ நிலை' ஆக்கியதும் இதே கைதான். அந்தப் போல் பூமியின் துருவமல்ல, குதிரைப் பந்தயத்தில் உட்பக்கம் நட்ட கம்பம். கம்பத்தை ஒட்டி நின்ற குதிரைக்கு ஓடுகிற தூரம் குறைவு. தொடக்க வரிசையில் முதல் இடம் என்று எழுதினால் போதும்.