சார்ட்: தரவரிசையா, விற்பனை வரிசையா?

ஆங்கிலப் பாப் இசை பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் 'சார்ட்' (எந்த இசைத்தட்டு அதிகம் விற்கிறது என்று வாராவாரம் வரும் பட்டியல்) என்ற சொல் வந்ததும் 'தரவரிசை' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மொழிபெயர்ப்புச் செயலியிடம் கொடுத்தால் அது 'விளக்கப்படம்' என்கிறது. இரண்டுமே இங்கே பொருந்தாது. ஏன் பொருந்தாது என்று பார்க்க 1960களின் பிற்பகுதி பிரிட்டனுக்குப் போக வேண்டும். ஒரே வாரத்தில், ஒரே நாட்டில், ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பல சார்ட்டுகள் வந்துகொண்டிருந்த காலம் அது.

முதலில் சொல்லின் பிறப்பு. கிரேக்க மொழியில் 'கார்ட்டேஸ்' என்றால் பாப்பிரஸ் தாள். லத்தீனில் அது 'கார்ட்டா' ஆனது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது சார்ட் என்பது மாலுமிகள் விரித்துப் பார்க்கும் கடல் வரைபடத்தைக் குறித்தது. கார்டு, சார்ட்டர் ஆகியவையும் இதே குடும்பம்தான். நம் 'ஏடு' நடந்த வழியும் இதுதான். எழுதும் ஓலையைக் குறித்த சொல் நூலுக்கும், கணக்குப் பேரேட்டுக்கும், நாளேட்டுக்கும் பெயரானது. ஆக, சார்ட் என்பதன் வேரில் தரம் என்ற பொருள் எங்குமே இல்லை. தாள், அவ்வளவுதான்.

பிரிட்டனில் முதல் பட்டியல் 1952 நவம்பர் 14 அன்று நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ் வார இதழில் வந்தது. அப்போது அதற்குச் சார்ட் என்று பெயரில்லை, 'ஹிட் பரேட்' என்றுதான் போட்டார்கள். இதழின் விளம்பரப் பிரிவைச் சேர்ந்த பெர்சி டிக்கின்ஸ் சுமார் 20 இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி, எது நன்றாக விற்கிறது என்று கேட்டுத் தொகுத்தார். முதல் 12 இடங்கள் என்றார்கள். சில தட்டுகள் சம நிலையில் வந்ததால் பட்டியலில் 15 தட்டுகள் இருந்தன. நாடெங்கும் எத்தனை தட்டு விற்றது என்ற கணக்கு அதில் இல்லை, 20 கடைக்காரர்கள் சொன்ன வரிசைதான் இருந்தது.

அப்புறம் மெலடி மேக்கர், டிஸ்க், ரெக்கார்ட் மிரர் என்று ஒவ்வொரு இதழும் தனக்கென ஒரு பட்டியல் வெளியிடத் தொடங்கியது. கடைக்காரர்களுக்கான ரெக்கார்ட் ரீடெய்லர் இதழ் 1960 மார்ச்சில் 50 இடங்கள் கொண்ட பட்டியலோடு வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் கேட்ட கடைகள் வேறு, கடைகளின் எண்ணிக்கை வேறு, கணக்கை முடிக்கும் நாளும் வேறு. கடைக்காரர் சொல்லும் வரிசைக்கு மதிப்பெண் போட்டுக் கூட்டுவது வழக்கமாக இருந்தது. இதில் உள்ள கோளாறு பெரியது. லண்டனின் பெரிய கடையில் ஒரு தட்டு நூற்றுக்கணக்கில் விற்று முதலிடம் பிடிக்கும், சிற்றூர்க் கடையில் இன்னொன்று பத்துப் பதினைந்து விற்று முதலிடம் பிடிக்கும். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்.

இதனால் என்ன ஆனது என்பதற்கு 1967ஐ விட நல்ல சான்று இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில் பீட்டில்ஸ் குழு ஒரு பக்கம் 'பென்னி லேன்', மறு பக்கம் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' என்று ஒரு தட்டை வெளியிட்டது. மெலடி மேக்கர் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. ரெக்கார்ட் ரீடெய்லர் பட்டியலில் இரண்டாம் இடத்தோடு நின்றது. அங்கே ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது எங்கெல்பர்ட் ஹம்பர்டிங்க் பாடிய 'ரிலீஸ் மீ'. (இவர் 1936இல் நம் சென்னையில் பிறந்தவர், இயற்பெயர் ஆர்னால்ட் ஜார்ஜ் டார்சி.) பீட்டில்ஸின் தொடர் முதலிடங்கள் இங்கே அறுந்தன என்று இன்றுவரை எழுதுகிறார்கள். எந்தப் பட்டியலில் அறுந்தன என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அது உண்மையாகும். பிற்காலத்தில் தொகுப்பு நூல்கள் 1960 முதலான ஆண்டுகளுக்கு ரெக்கார்ட் ரீடெய்லரையே அடிப்படையாக எடுத்துக்கொண்டன. அதனால் அந்த ஒரு பட்டியல் மட்டும் வரலாறாக நிலைத்துவிட்டது. அந்தக் காலத்தில் அதற்கு அப்படி ஒரு தனி அதிகாரம் கிடையாது என்பதை மறக்கக் கூடாது.

பிபிசி ஒரு வழி கண்டது. இதழ்களின் பட்டியல்களைச் சேர்த்துச் சராசரி எடுத்தார்கள். நியாயமான யோசனை மாதிரித்தான் தோன்றுகிறது. ஆனால் பிழையுள்ள கணக்குகளைக் கூட்டி வகுத்தால் பிழை மறைந்துவிடாது. 1968 ஆகஸ்டில் பீ ஜீஸ், பீச் பாய்ஸ், ஹெர்ப் ஆல்பர்ட் ஆகியோரின் மூன்று தட்டுகள் பிபிசியின் சராசரிப் பட்டியலில் ஒன்றாக முதலிடத்தில் வந்து நின்றன.

அதற்கு அடுத்த ஆண்டு, 1969 பிப்ரவரியில், பிபிசியும் ரெக்கார்ட் ரீடெய்லரும் சேர்ந்து பிரிட்டிஷ் மார்க்கெட் ரிசர்ச் பீரோ என்ற ஆய்வு நிறுவனத்திடம் வேலையை ஒப்படைத்தன. சுமார் 250 கடைகள், விற்ற ஒவ்வொரு தட்டையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, சனிக்கிழமை கடை மூடியதும் தபாலில் அனுப்ப வேண்டும். திங்கட்கிழமை தொகுப்பு, செவ்வாய்க்கிழமை வானொலியில் அறிவிப்பு. கடைக்காரரின் நினைவை நம்பாமல் விற்பனையை எண்ணி எடுத்தது பெரிய முன்னேற்றம். ஆனாலும் இது மாதிரிக் கணக்குத்தான், முழுக் கணக்கு இல்லை. தபால் தாமதமானால் அந்தக் கடையின் விற்பனை கணக்கில் வராமலே போய்விடும். 1971 தொடக்கத்தில் தபால் ஊழியர் வேலைநிறுத்தம் நடந்தபோது மறுபடியும் தொலைபேசியில்தான் கேட்க வேண்டியிருந்தது. எந்தெந்தக் கடையின் கணக்கு எடுக்கப்படுகிறது என்று தெரிந்துகொண்டு அங்கே மட்டும் ஆள் அனுப்பித் தட்டு வாங்க வைக்கும் தில்லுமுல்லும் பட்டியல்களை விட்டபாடில்லை.

சரி, இப்போது தமிழ்ச் சொல். 'தரவரிசை' நல்ல சொல்தான். பொறியியல் கலந்தாய்வுக்குத் தரவரிசைப் பட்டியல் என்கிறோம், கிரிக்கெட் வீரர்களுக்கும் சொல்கிறோம். அங்கெல்லாம் ஒருவரின் திறன் அளக்கப்படுகிறது. சார்ட்டில் யாரும் பாட்டின் தரத்தை அளக்கவில்லை, கடையில் விற்றதை அளந்தார்கள், அதையும் தோராயமாக. 'தரவரிசையில் இரண்டாம் இடம்' என்று எழுதினால் அந்தப் பாட்டு ஒரு படி மட்டம் என்று வாசகர் மனதில் பதிந்துவிடும். ஆகவே 1960களின் சார்ட்டுக்கு 'விற்பனை வரிசை' என்பதே என் பரிந்துரை. பட்டியல் என்ற சொல் வேண்டுமானால் விற்பனை வரிசைப் பட்டியல். வானொலி நிலையங்கள் தங்கள் விருப்பப்படி தொகுத்தவற்றை இதில் சேர்க்கக் கூடாது, அவை 'ஒலிபரப்பு வரிசை'. அமெரிக்காவின் பில்போர்டு இதழ் வெளியிட்ட ஹாட் 100 பட்டியல் அந்தக் காலத்தில் விற்பனையையும் வானொலி ஒலிபரப்பையும் கலந்து தொகுக்கப்பட்டது என்பதால் அதற்குப் பொதுவாக 'பாடல் வரிசை' போதும்.

'சிங்கிள்' என்பதற்குத் 'தனிப்பாடல்' என்று எழுதுவதையும் நான் ஏற்கவில்லை. தனிப்பாடல் திரட்டு என்று நமக்கு ஒரு இலக்கிய மரபே இருக்கிறது, காளமேகம் நினைவுக்கு வருவார். அதோடு சிங்கிள் என்பது ஒரு பாட்டு அல்ல. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாட்டு கொண்ட, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் 7 அங்குலத் தட்டு. கடைக்காரர் எண்ணியதும் அந்தத் தட்டைத்தான். 'ஒற்றை இசைத்தட்டு' என்றால் பொருள் சரியாக நிற்கும்.

எழுதும்போது இதழின் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இப்படி: 'பென்னி லேன், ஒற்றை இசைத்தட்டு, 1967. மெலடி மேக்கர் விற்பனை வரிசையில் 1, ரெக்கார்ட் ரீடெய்லர் விற்பனை வரிசையில் 2.'